ஆடியில் நான் நடத்தி வைத்த கல்யாணங்கள்

டேட்டாபேஸை வேகமாக ஓட வைப்பது பற்றி, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவள், சும்மாதானே இருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். சும்மாதான் இருக்கிறேன். ஆனால் வேகத்துக்காக நான் வாங்கிய பாராட்டுகளை வரிசையாக எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் ஒரே ஒரு பாராட்டைப் பற்றி எழுதுகிறேன். அதோடு ஒரு ஸ்வீட் பாக்ஸும் வந்தது. அதில் இருந்த மைசூர்பாகில் இரண்டு துண்டு சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பாண்டி பஜாருக்குப் பின்னால் மாடியில் இருந்த நம் பழைய ஆபீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்போது ஒரு முதலாளிக்கு நாம் மென்பொருள் செய்து கொடுத்தோம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று அவருக்குப் பல கல்யாண மண்டபங்கள். எல்லா மண்டபத்துக்கும் புக்கிங் ஒரே டேட்டாபேஸில். ஒவ்வொரு மண்டபத்துக் கவுன்டரிலும் ஒருவர் பதிவு செய்வார். போதாததற்கு, ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் பதிவு செய்துகொள்ளும் வசதியும் உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு த்ரெட், அதாவது ஒரு தனி வேலையாள். அத்தனை வேலையாட்களும் அதே டேட்டாபேஸில்தான் கை வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்துக் குழப்பாமல் இருக்கத்தான் லாக்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு அறை கொடுப்பார்களே, அதற்கு ஒரே ஒரு பாத்ரூம் இருக்கும். லாக் என்பது அந்த பாத்ரூமின் உள் தாழ்ப்பாள். ஒருத்தர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் மற்றவர்கள் துண்டும் சோப்புமாக வெளியே நிற்க வேண்டியதுதான். நிற்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் யாருக்கும் மானம் போகாது.

என் தாழ்ப்பாளில் ஒரு கோளாறு இருந்தது. கவுன்டரில் ஒரு தேதியைத் தொட்ட உடனே அது விழுந்துவிடும். பதிவு முடிகிறவரை அந்தத் தேதியை வேறு யாரும், வேறு எந்த மண்டபத்துக்கும் தொட முடியாது. நம் ஊரில் யார் தனியாக நின்று கல்யாணத் தேதியை முடிவு செய்கிறார்கள்? “கொஞ்சம் இருங்க, மாமாவ ஒரு வார்த்த கேட்டுடறேன்” என்று போனை எடுப்பார்கள். மாமாவுக்குப் பிறகு சம்பந்தி, சம்பந்திக்குப் பிறகு ஜோசியர். ஜோசியர் போனை எடுக்கமாட்டார். இத்தனைக்கும் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கும். சாதாரண நாட்களில் இது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷத்து முகூர்த்த தேதிகள் வெளியானதும், ஊரே அந்தச் சில தேதிகளுக்காக வந்து நின்றது. எல்லாக் கவுன்டரிலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலாளி நேரே நம் ஆபீஸுக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“இன்னாம்மா, எங்க பாத்தாலும் சுத்திக்கினே கீது? ஜனமெல்லாம் எழுந்து வேற மண்டபத்துக்குப் போய்க்கினு இருக்கு.”

“லாக் சார். ஒருத்தர் முடிச்சாதான் அடுத்தவங்க…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலைல ஜிவ்வுனு ஓடணும். ஓடுமா, ஓடாதா?”

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தேதியைத் தொடும்போது தாழ்ப்பாள் வேண்டாம், எழுதுகிற அந்த நொடியில் மட்டும் போட்டால் போதும். ஆனால் கல்யாண மண்டபம் ஒரு நாள் கணக்கில் அடங்குவதில்லை. முதல் நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை ஒரு வீட்டாருக்கு, அன்றைக்கே சாயங்காலம் வரவேற்பு இன்னொரு வீட்டாருக்கு என்று பின்னிக்கொண்டு போகும். அதைச் சரியாகச் செய்ய உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பின்னால் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது யோசிக்க வரவில்லை. தாழ்ப்பாளையே கழற்றிவிட்டேன். எழுதுவதற்குச் சற்று முன்னால் புரோகிராம் தேதி காலியா என்று பார்க்கும், காலி என்றால் எழுதும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குள் இன்னொருவர் எங்கே வந்து நுழையப் போகிறார் என்று நினைத்தேன்.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். சோதித்தேன். நூற்றுக்கணக்கான த்ரெட்களை ஒன்றாக ஓடவிட்டு, வருஷம் முழுவதும் தேதிகளைத் தாறுமாறாக எடுத்து, கல்யாணங்களாகப் பதிவு செய்யச் சொன்னேன். ஒரு மோதல்கூட இல்லை. பறந்தது. மறுநாள் கவுன்டர்களும் பறந்தன. சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸ் வந்தது.

வருஷம் முழுவதும் என்றால் ஆடியும் அதில் உண்டு, மார்கழியும் உண்டு. நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஆடியில் பெண் பார்க்கக்கூட எங்கள் தெருவில் யாரும் கிளம்பமாட்டார்கள். அப்படிப்பட்டவள், சோதனை என்ற பெயரில் ஆடி மாதத்தில் ஆயிரக்கணக்கான கல்யாணங்களை நடத்தி வைத்துவிட்டு, பார்த்தீர்களா மோதலே இல்லை என்று கைதட்டல் வாங்கினேன். நிஜ ஜனங்கள் வருஷத்தின் எல்லா நாளிலும் பரவி வந்து நிற்பதில்லை. ஆவணியிலும் தையிலும் சில தேதிகளில் வந்து மொய்க்கிறார்கள். கூட்டம் நெருக்க நெருக்க, நான் கண் சிமிட்டுகிற நேரம் என்று நினைத்த அந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். வீட்டுப் பெண்ணாக எனக்கு இது தெரியும். நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

விஷயம் வெடித்தது மண்டபத்துச் சமையலறையில். மயிலாப்பூர் மண்டபத்து மேனேஜர் ஒரு காலையில் போன் செய்து, “மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போங்க, கிச்சன்ல சண்டை” என்றார். எனக்கும் கிச்சனுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அடுப்பையும் அண்டாக்களையும் பார்த்துவிட்டுப் போக வந்த இரண்டு சமையல்காரர்கள் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னா நைனா சொல்றே? அந்தத் தேதில இங்க எங்க பார்ட்டி கல்யாணம்.”

“உங்க பார்ட்டியா? நான் விடிகாலம்பற வந்து எல்லாத்தையும் பாத்துண்டிருக்கேன். எங்க பார்ட்டிக்குன்னா இந்த மண்டபம்.”

மேனேஜர் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு பதிவு. ஒன்று, வீட்டிலிருந்தபடி போனில் பதிவு செய்த ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர் வீடு. மற்றது, அந்தக் கவுன்டருக்கே வந்து நின்று பதிவு செய்த கன்னியம்மாவின் வீடு. கன்னியம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். இரண்டு வீட்டிலும் பெண்ணுக்குக் கல்யாணம், இரண்டு வீட்டிலும் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. ஆபீஸுக்கு ஓடிப்போய் டேட்டாபேஸ் முழுக்கத் தேடினேன். இப்படி இரட்டையாகப் போனது இந்த ஒன்றுதான். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

“யாரு ஃபர்ஸ்டுன்னு பாரும்மா” என்றார் முதலாளி.

பார்த்தேன். இரண்டும் ஒரே நொடியில் எழுதப்பட்டிருந்தன. பதிவு எண் மட்டும் கன்னியம்மாவுடையது சிறியது. “எண் சின்னதா இருக்கறதால அவங்க முதல்னு சொல்ல முடியாது சார். த்ரெட்டுங்களுக்கு நம்பர்களை முன்கூட்டியே பிரிச்சுக் கொடுத்துடுவோம்” என்று விளக்கினேன். நான் சொன்னது சரிதான், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சின்ன எண் பேராசிரியருடையதாக இருந்திருந்தால், இவ்வளவு நியாயமாக விளக்கியிருப்பேனா? பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘ஆமாம்’ என்று தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

“அப்ப அந்த மீன்காரம்மாவ அடையார் மண்டபத்துக்கு மாத்திடு” என்றார் முதலாளி. அடையாற்றில் அவருடைய சின்ன மண்டபம் ஒன்று அதே தேதிக்குக் காலியாகியிருந்தது. “அவங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க. புரொஃபஸர் வீடு பெரிய எடம், வம்பு. சிஸ்டம் எரர்னு சொல்லிட்டு வாங்க.”

நான் தலையாட்டிவிட்டு, மேனேஜரோடு பட்டினப்பாக்கம் போனேன்.

கன்னியம்மா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சிஸ்டம் எரர் ஆயிடுச்சிம்மா” என்று ஆரம்பித்து, அடையாறு மண்டபம் வரைக்கும் சொல்லி முடித்தார். கன்னியம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“சிஸ்டம் தப்பு பண்ணிச்சா, ஆளு தப்பு பண்ணாங்களா? அத்த சொல்லு மொதல்ல.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னியம்மாவும் என் பக்கம் திரும்பினார்.

“நான்தாம்மா” என்றேன்.

“நீயா? படிச்ச பொம்பளையாட்டம் கீறே!” என்றார். அப்புறம் மீனை ஒதுக்கிவைத்துவிட்டுக் கை கழுவினார். “சரி. ஞாயித்துக்கெழம எங்கூட வா. ஆதம்பாக்கத்துல மாப்ள ஊடு. அங்க வந்து நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்கோ. துட்டு கட்ட முடியாம மண்டபத்த வுட்டுட்டு கத கட்றா இவன்னு பேசுவாங்கோ. ஏற்கெனவே மீன்காரி பொண்ணுன்னு அவுங்க சொந்தத்துல ஒரு பேச்சு கீது. எம் பொண்ணு அங்க போய் வாயணும்மா.”

மண்டபம் மாறுவது அவருக்குப் பெரிதில்லை. மகள் போகப்போகிற வீட்டில் அவள் பெயர் எப்படி இருக்கும் என்பதுதான் கவலை. என்னுடைய ஒரு வரி புரோகிராம் அதுவரைக்கும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கம் போனோம். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, தாய்மாமா, இன்னும் யார் யாரோ கூடத்தில் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். த்ரெட், டேட்டாபேஸ் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் புரியவில்லை. மழுப்புகிறேன் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில், பாத்ரூம் தாழ்ப்பாளைச் சொன்னேன். உங்களுக்கு மேலே எழுதினேனே, அது அந்தக் கூடத்தில் வியர்த்துக்கொண்டு கண்டுபிடித்ததுதான்.

தாய்மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. “அதாவது, தாழ்ப்பாளக் கழட்டிட்டு, உள்ள ஆள் இருக்காங்களான்னு எட்டிப் பாத்துட்டுப் போங்கன்னு விட்டுட்டீங்க.”

“ஆமாங்க.”

“ரெண்டு பேரு ஒண்ணா எட்டிப் பாத்தா?”

“அதுதாங்க நடந்துபோச்சு.”

கூடமே சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காதெல்லாம் சுட, நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மாவுக்கு மட்டும் முகம் தெளிந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று எழுந்தேன்.

சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையின் அம்மா ஒருவர்தான். “இருங்க. யாரு மொதல்ல வந்தாங்கன்னு உங்க கம்ப்யூட்டருக்கே தெரியாது. அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“அப்ப நாங்கதான் போகணும்னு யாரு முடிவு பண்ணது?”

“மண்டபத்து முதலாளி.”

“ஏன்னு நீங்க கேக்கலயா?”

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றியதற்காகவாவது அன்றைக்கு அவசரம், முதலாளி பின்னால் நின்றார் என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு என்ன சாக்கு? பேராசிரியர் வீடு என்னுடையது மாதிரி ஒரு வீடு. அவர்கள் அசையக்கூடாது, மற்றவர்கள் அசையலாம் என்பது எனக்கு அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. என் தொழிலில் எனக்கு நேர்ந்த அவமானங்களிலெல்லாம், அந்தக் கேள்விக்கு முன்னால் வாய் மூடி நின்றதுதான் பெரிது.

“பூப் போட்டுப் பாத்துடலாம்” என்றார் அந்த அம்மா. “சாமி எங்களப் போகச் சொன்னா போறோம். உங்க முதலாளி சொன்னா எதுக்குப் போகணும்?”

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “பிரச்சனய முடிக்க அனுப்புனா புதுசா ஒண்ணு கொண்டாறியேம்மா” என்று கத்தினார். யார் முதல் என்று கேட்டால் தெரியாது என்றுதான் இரண்டு வீட்டிலும் சொல்வேன், வேறு சொல்லமாட்டேன் என்றேன். “அப்ப நீயே போய் புரொஃபஸர்கிட்ட பேசிக்க” என்று விட்டுவிட்டார்.

பேராசிரியர் லேசில் மசியவில்லை. “நாங்க ஏன் பூப் போட்டுப் பாக்கணும்? எங்கிட்ட கன்ஃபர்மேஷன் மெசேஜ் இருக்கு.”

“அவங்ககிட்டயும் இருக்கு சார்.”

“எங்காத்துல எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தாச்சு!”

“அவங்களும் கொடுத்தாச்சு சார்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “அவாளும் பொண்ணப் பெத்தவாதானே? பாத்துடலாம்னா. இல்லேன்னா கல்யாணத்தன்னிக்கு அந்த மண்டபத்துல எனக்கு உக்காரவே மனசு வராது.”

மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையார் கோயிலில் எல்லாரும் கூடினோம். வெள்ளைப் பூ வந்தால் பேராசிரியர் வீட்டுக்கு மண்டபம், சிவப்பு வந்தால் கன்னியம்மா வீட்டுக்கு. குருக்கள் இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒன்றுபோல் மடித்து சந்நிதியில் போட்டார். சாமி கும்பிட வந்திருந்த யாரோ ஒரு வீட்டுச் சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். வெள்ளை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அதே அடையாறு மண்டபம். இதற்காகவா இந்த அம்மாவை இங்கும் அங்கும் இழுத்தடித்தோம்? “மன்னிச்சிடுங்கம்மா” என்று ஆரம்பித்தேன்.

“இன்னாத்துக்கு?” என்றார் கன்னியம்மா. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. “தோத்துட்டேன், அவ்ளோதான். தோத்துப் போறது வேற, யாராச்சும் தள்ளிவுட்டு நாம போறது வேற.” திரும்பி மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, “போலாமா சம்பந்தி?” என்றார். இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அடையாறு மண்டபத்தில் பந்திக்குப் பந்தி என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், “இவங்கதான் நம்ம மண்டபத்த மாத்திவுட்டவங்கோ” என்று அறிமுகம் செய்து வைத்தார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். சிலர் இலையிலிருந்து நிமிர்ந்து கும்பிடுகூடப் போட்டார்கள். நான் பாயசத்தைத் தொடாமலே இலையை மூடினேன்.

அதற்குள் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டியிருந்தேன். இந்த முறை உட்கார்ந்து யோசித்து, எழுதுகிற நொடியில் மட்டும் விழுகிற மாதிரி, முதல் நாள் சாயங்காலத்தையும் மறுநாளையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. முகூர்த்த தேதிகளை மட்டும் வைத்து, ஊரே ஒரே தேதியில் வந்து விழுகிறது என்று சோதித்தேன். முன்னைப்போல் பறக்கவில்லை. கூட்ட நாளில் கொஞ்சம் சுற்றும். சுற்றட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். ஸ்வீட் பாக்ஸ் வரவில்லை. உங்கள் கைக்கு வந்திருப்பது அந்த புரோகிராம்தான். அதை வேகப்படுத்தச் சொல்லி யாராவது உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அப்போது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து யோசியுங்கள். உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்லாதீர்கள்.

போன மாதம் கன்னியம்மா போன் செய்தார். “பேரனுக்குக் காது குத்து. அதே அடையார் மண்டபம்தான்.”

“ரொம்ப சந்தோஷம்மா. நான் ரிட்டயர் ஆயிட்டேனே. கவுன்டர்ல சொன்னா போட்டுக் கொடுப்பாங்க.”

“கவுன்டர்லதான் நிக்கிறேன். தேதி கீதுன்றான் இந்தப் புள்ள. அதான் உன்னக் கேக்கறேன். இப்ப தாப்பா போட்டுக்கீதா?”

“போட்டிருக்கும்மா.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

அவருக்குப் பின்னால் வரிசையில் யாரோ “சீக்கிரம் சொல்லும்மா” என்பது கேட்டது.

“இன்னொருவாட்டி பாத்துட்டுச் சொல்லு” என்றார். “நான் நிக்கிறேன்.”

அன்றைக்குத்தான் உங்களில் ஒருவரை போனில் கூப்பிட்டு, அந்த லாக் இன்னும் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொன்னேன். இருக்கிறது மேடம், எதற்கு இப்போது என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா கவுன்டரில் நின்றுகொண்டிருந்தார்.